சுறாவுக்கு எவ்வளவு கடல் வேண்டும்?

சென்னை கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும். அங்கே போய், “சுறா இருக்கா அண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் பளபளவென்று, முதுகில் முக்கோணத் துடுப்போடு, கூட்டமாக நீந்தும் குட்டி மீன்களைக் காட்டுவார்கள். பார்க்கச் சுறா மாதிரியேதான் இருக்கும். ஆனால் அது சுறா இல்லை. தென்கிழக்கு ஆசியாவின் மீகாங் ஆற்றில் வாழும் ஒரு கெளுத்தி. நன்னீர் மீன். கடைத்தொட்டியில் விரல் நீளம் இருக்கும் அது, ஆற்றில் வளர்ந்தால் ஒரு மீட்டரையும் தாண்டிவிடும். உடம்பெல்லாம் கறுப்பு, வால் மட்டும் சிவப்பு என்று இன்னொரு ‘சுறா’ விற்பார்கள். அது கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தது.

உண்மையான சுறாவை எப்படி அடையாளம் காண்பது? தலையின் பக்கவாட்டைப் பாருங்கள். கெளுத்திக்கும் கெண்டைக்கும் செவுளை மூடி ஒரு தட்டு இருக்கும். சுறாவுக்கு மூடி கிடையாது. ஐந்து பிளவுகள் வெளியே தெரியும். சில இனங்களில் ஆறு, ஏழு. உள்ளே எலும்பும் கிடையாது. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் இருக்கிறதே குருத்தெலும்பு, அதுதான் சுறாவின் எலும்புக்கூடு முழுவதும். மற்ற மீன்களை மிதக்க வைக்கும் காற்றுப்பையும் அதற்கு இல்லை.

இப்படிப்பட்ட நிஜச் சுறாவையே வீட்டில் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சிலர் இதற்கென்றே ஓர் அறையை ஒதுக்கி, பெரிய உப்புநீர்த் தொட்டி கட்டுகிறார்கள். இன்று நாமும் அப்படி ஒரு தொட்டியைக் காகிதத்தில் கட்டிப் பார்ப்போம். பென்சிலும் அளவுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியின் ஒவ்வோர் அளவையும் சுறாவின் உடம்பைப் பார்த்துத்தான் முடிவு செய்யப் போகிறோம். நம் ஆசைக்கோ அறையின் அழகுக்கோ அதில் இடமில்லை.

எந்தச் சுறா?

உலகில் 500-க்கும் மேற்பட்ட சுறா இனங்கள் இருக்கின்றன. அவற்றில் வீட்டுத் தொட்டியைப் பற்றி யோசிக்கக்கூடியவை மிகச் சில. காரணம் மூச்சு.

சுறாவும் செவுள் வழியாகத்தான் ஆக்சிஜன் எடுக்கிறது. செவுளுக்கு எந்நேரமும் புதிய தண்ணீர் வந்துகொண்டே இருக்க வேண்டும். திறந்த கடலில் வேகமாகத் திரியும் பல சுறாக்கள் வாயைச் சற்றுத் திறந்தபடி நீந்துகின்றன. நீந்தும் வேகத்திலேயே தண்ணீர் வாய்க்குள் புகுந்து செவுள் வழியாக வெளியேறுகிறது. நீந்துவதை நிறுத்தினால் மூச்சும் நின்றுவிடும். வெள்ளைச் சுறா அந்த ரகம். அமெரிக்காவின் மான்டரே பே காட்சியகம் 2004-ஆம் ஆண்டில் ஓர் இளம் வெள்ளைச் சுறாவை ஏறக்குறைய 38 லட்சம் லிட்டர் தண்ணீர் கொண்ட தொட்டியில் 198 நாட்கள் வைத்திருந்தது. பிறகு கடலில் விட்டுவிட்டார்கள். அவ்வளவு பெரிய தொட்டியும் நிரந்தர வீடாகவில்லை.

துடுப்பு நுனி கறுப்பாக இருக்கும் பவளத்திட்டுச் சுறாவும் ஓயாமல் நீந்தும் வகைதான். ஒன்றரை மீட்டர் வளரும். அதன் குட்டியை வாங்கி வீட்டுத் தொட்டியில் விடுபவர்கள் உண்டு. அது தவறு என்று உறுதியாகச் சொல்வேன். சுவரில் முட்டி, திரும்பி, மறுபடி சுவரில் முட்டி, அதற்கு ஓய்வே கிடைக்காது.

கடலின் அடித்தளத்தில் படுத்துக்கிடக்கும் சுறாக்கள் வேறு மாதிரி. அவை வாயையும் தொண்டையையும் அசைத்துத் தாமே தண்ணீரை உள்ளிழுக்கும். கண்ணுக்குப் பின்னால் ஒரு சிறு துளையும் உண்டு. தண்ணீர் அதன் வழியாகவும் உள்ளே போகும். அதனால் அசையாமல் மணலில் படுத்தபடியே மூச்சுவிட முடியும். மூங்கில் சுறாக்கள் இந்த வகை. இந்தியக் கடலோரத்திலும் ஒரு சாம்பல்நிற மூங்கில் சுறா வாழ்கிறது. நம் காகிதத் தொட்டிக்குப் பழுப்புப் பட்டை மூங்கில் சுறாவைத் தேர்ந்தெடுப்போம். இந்தியாவிலிருந்து ஜப்பான், வட ஆஸ்திரேலியா வரை ஆழம் குறைந்த கடல்களில் இருக்கிறது. பகலில் பாறை இடுக்கில் கிடக்கும். இரவில் இரை தேடும். வளர்ந்தால் ஒரு மீட்டர் நீளம்.

நீளம், அகலம், உயரம்

ஒரு மீட்டர் சுறா உடம்பை முறுக்காமல் வட்டமடித்துத் திரும்ப வேண்டும். அதற்கு அகலம் ஒன்றரை மீட்டராவது வேண்டும். நேராக நீந்திப் போக நீளம் 3 மீட்டர். உயரம்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். உயரமான தொட்டி பார்க்கக் கம்பீரமாக இருக்கும். ஆனால் நம் சுறா தரையைவிட்டு மேலே வருவதே குறைவு. அதற்குத் தேவை தரைப்பரப்பு. ஆகவே தண்ணீரின் உயரம் 75 சென்டிமீட்டர் போதும்.

இப்போது பெருக்குங்கள். 3 × 1.5 × 0.75 = 3.375 கன மீட்டர். ஒரு கன மீட்டர் என்பது 1000 லிட்டர். ஆக 3375 லிட்டர். மொட்டைமாடியில் இருக்கும் 1000 லிட்டர் கறுப்புத் தொட்டி மூன்றையும் நிரப்பி, நான்காவதிலும் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஊற்ற வேண்டியிருக்கும். கடல்நீர் ஒரு லிட்டர் சுமார் 1.025 கிலோ எடை. எனவே தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 3460 கிலோ!

இந்த எடை எவ்வளவு இடத்தில் உட்காருகிறது? 3 × 1.5, அதாவது 4.5 சதுர மீட்டரில். ஒரு சதுர மீட்டருக்கு 770 கிலோ. நம் நாட்டில் வீட்டின் மாடித்தளத்தைக் கட்டும்போது ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்றுதான் கணக்கிடுகிறார்கள். நம் தொட்டி அதைப்போல் நான்கு மடங்கு. ஆகவே மாடி வேண்டவே வேண்டாம். தரைத்தளத்தில், மண்ணின் மேல் நேரடியாகப் போட்ட கான்கிரீட்டில்தான் இது நிற்கலாம். அதற்கும் கட்டடப் பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுத் தர வேண்டும்.

எடை கீழே அழுத்துகிறது. தண்ணீர் பக்கத்திலும் தள்ளுமே! ஒரு பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் மேலே, நடுவில், அடியில் என்று மூன்று துளைகள் போட்டுத் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். அடித்துளையிலிருந்து வரும் தண்ணீர்தான் மிகுந்த வேகத்தோடு பீறிடும். ஆழம் கூடக் கூட அழுத்தம் கூடுகிறது. வியப்பான செய்தி என்னவென்றால், பாட்டில் ஒல்லியா குண்டா என்பது இதில் கணக்கே இல்லை. எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அல்ல, எவ்வளவு ஆழம் என்பதைப் பொறுத்ததுதான் அழுத்தம். சைமன் ஸ்டெவின் என்ற அறிஞர் 1586-லேயே இதை எழுதிவைத்தார்.

நம் தொட்டியின் நீளச்சுவர் மேல் தண்ணீர் தள்ளும் விசை, சுமார் 865 கிலோவைத் தூக்கிப் பிடிக்கத் தேவையான விசைக்குச் சமம். அகலத்தை ஒன்றரை மீட்டரிலிருந்து ஐந்து மீட்டராக்கினாலும் அந்தச் சுவருக்கு இந்த விசை மாறாது. ஆனால் உயரத்தை இரண்டு மடங்காக்கினால்? விசை நான்கு மடங்காகிவிடும்! ஏனென்றால் சராசரி அழுத்தமும் இரட்டிப்பாகிறது, அது தள்ளும் சுவரின் பரப்பும் இரட்டிப்பாகிறது. 865 என்பது 3460 ஆகும். உயரம் குறைந்த தொட்டி சுறாவுக்கும் நல்லது, சுவருக்கும் நல்லது.

சுவரைக் கண்ணாடியில் செய்யலாம், அக்ரிலிக்கிலும் செய்யலாம். அக்ரிலிக் கண்ணாடியின் பாதி எடைகூட இருக்காது, சட்டென்று உடையாது, ஆனால் எளிதில் கீறல் விழும். ஜப்பானின் ஒகினாவா சுராவுமி காட்சியகத்தில் திமிங்கிலச் சுறாக்கள் நீந்தும் தொட்டியின் முன்பக்கம் அக்ரிலிக்தான். அதன் கனம் 60 சென்டிமீட்டர். உங்கள் பள்ளி அளவுகோல் இரண்டை நீளவாக்கில் வைத்தால் என்ன நீளமோ, அவ்வளவு கனமான சுவர் வழியாக மக்கள் மீனைப் பார்க்கிறார்கள்.

கடலைத் தயாரிப்பது

தொட்டி தயார். இனி தண்ணீர். சராசரிக் கடல்நீரில் ஒரு லிட்டருக்கு 35 கிராம் உப்பு கரைந்திருக்கிறது. 3375 லிட்டருக்கு 118 கிலோ உப்பு வேண்டும். தூத்துக்குடி உப்பளத்திலிருந்து இரண்டு மூட்டை கொண்டுவந்து கொட்டினால் போதாதா?

போதாது. கடல்நீரில் கரைந்திருப்பது ஒரே உப்பு அல்ல. சோடியமும் குளோரைடும் சேர்ந்து சுமார் 86 சதவீதம். மீதியில் சல்ஃபேட், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் எல்லாம் இருக்கின்றன. உப்பளப் பாத்தியில் கடல்நீர் வற்றும்போது இவை ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் கால்சியம் உப்புகள் படியும். பிறகு நாம் சாப்பிடும் உப்பு பூக்கும். மக்னீசியம் உப்புகள் கடைசிவரை தண்ணீரிலேயே தங்கும். உப்பை வாரியபின் அந்தக் கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். ஆகவே பாத்தியில் வாரிய உப்பில் கடலின் ஒரு பகுதிதான் இருக்கிறது. சுறாவுக்கு முழுக் கடலும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு பழைய கப்பலுக்கு நாம் நன்றி சொல்லலாம். 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் உலகக் கடல்களைச் சுற்றி ஆராய்ந்தது. அது கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை வில்லியம் டிட்மர் என்ற வேதியியலாளர் சோதித்தார். ஓரிடத்தில் உப்பு அதிகம், ஓரிடத்தில் குறைவு என்று இருந்தாலும், உப்புகளுக்கு இடையிலான விகிதம் எங்கும் ஏறக்குறைய ஒன்றே என்று 1884-இல் வெளியிட்டார். அப்படி இருப்பதால்தான் ஒரே கலவையைத் தொழிற்சாலையில் தயாரித்து, மூட்டையில் கட்டி, உலகம் முழுவதும் விற்க முடிகிறது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும் என்பதால் ஆர்.ஓ. முறையில் சுத்தம் செய்த தண்ணீரில் அந்தக் கலவையைக் கரைக்க வேண்டும்.

தண்ணீர் நிரப்பியாயிற்று. வெப்பம் 25 டிகிரி அளவில் இருக்கிறது. நம் ஊர்க் கோடையில் அதற்குக் குளிரூட்டும் கருவியே வேண்டும். இப்போது சுறாவை விடலாமா? கூடாது! இன்னும் ஒன்றரை மாதம் பொறுக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால், சுறாவின் இரத்தத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கடல் மீன்களில் பெரும்பாலானவற்றின் உடம்பில் இருக்கும் உப்பு, கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். அதனால் சுற்றியுள்ள உப்புநீர் அவற்றின் உடம்பிலிருந்து ஓயாமல் நீரை உறிஞ்சும். அவை கடல்நீரைக் குடித்துக் குடித்து ஈடுகட்டும். சுறா வேறு வழியைக் கண்டது. நாமெல்லாம் சிறுநீரில் வெளியேற்றும் யூரியாவை அது இரத்தத்திலேயே தேக்கி வைக்கிறது. அதனால் உடம்பின் உட்புறமும் கடலைப் போலவே செறிவாகிவிடுகிறது. நீர் வெளியே ஓடுவதில்லை. யூரியா அதிகமானால் புரதங்கள் கெட்டுப்போகுமே! அதைத் தடுக்க வேறொரு வேதிப்பொருளையும் சேர்த்தே வைத்திருக்கிறது. மீன்சந்தையில் வாங்கிய சுறாவை அன்றைக்கே சமைக்க வேண்டும், இல்லாவிட்டால் நெடி அடிக்கும் என்று கடலோரத்துப் பாட்டிமார் சொல்வார்கள். அந்த நெடி அம்மோனியா. இறந்த சுறாவின் யூரியாவைப் பாக்டீரியாக்கள் உடைப்பதால் வருகிறது.

உயிருள்ள சுறாவின் செவுள் வழியாகவும் யூரியா தொட்டித் தண்ணீரில் கசியும். அதுவும் அம்மோனியாவாக மாறும். சாப்பாட்டு மிச்சமும் மாறும். கடலில் அது கரைந்து காணாமல் போகும். தொட்டியில் எங்கே போகும்? மிகச் சிறிதளவு அம்மோனியாவே மீனின் செவுளை எரித்துவிடும்.

இந்த ஆபத்திலிருந்து காப்பாற்றுவது கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம். ஒருவகைப் பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டும் நஞ்சுதான். இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும். இதன் தீமை மிகக் குறைவு. செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் 1890-இல் இந்தப் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்துக் காட்டினார். மண்ணிலும் கடலிலும் இவை எங்கும் உண்டு. ஆனால் புதிய தொட்டியில் ஒன்றும் இருக்காது. அதனால் சுறாவே இல்லாத தொட்டியில் கொஞ்சம் அம்மோனியாவைப் போட்டு, நுண்துளைகள் நிறைந்த கற்களையும் பிளாஸ்டிக் வளையங்களையும் வடிகட்டியில் வைத்து, பாக்டீரியாக்கள் அவற்றில் ஒட்டி வளரும்வரை காத்திருக்கிறார்கள். அன்றாடம் தண்ணீரைச் சோதித்து ஒரு வரைபடம் வரைந்தால் அழகாக இருக்கும்: அம்மோனியாக் கோடு ஏறி இறங்கும், அது இறங்கும்போது நைட்ரைட் கோடு ஏறும், பிறகு அதுவும் இறங்கி நைட்ரேட் ஏறும். முதல் இரண்டும் பூஜ்யத்தைத் தொட நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். இந்தப் பொறுமை இல்லாதவர் கையில்தான் மீன்கள் முதல் மாதத்திலேயே சாகின்றன.

நைட்ரேட் தொட்டியில் சேர்ந்துகொண்டே போகும். அது மிகுந்தால் சுறா தன் உடம்புக்குத் தேவையான அயோடினை எடுத்துக்கொள்ள முடியாமல் போகிறது. கழுத்தில் கட்டி வீங்கும். அயோடின் குறைந்தால் மனிதருக்குக் கழுத்தில் வருகிறதே, அதே தைராய்டு வீக்கம்தான். ஆகவே வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு தண்ணீரை வெளியேற்றிப் புதிய உப்புநீர் ஊற்ற வேண்டும். நம் தொட்டிக்கு அது 337 லிட்டர் தண்ணீர், கிட்டத்தட்ட 12 கிலோ உப்பு. ஒவ்வொரு வாரமும்!

வேலையைக் குறைக்க ஒரு நல்ல கருவி இருக்கிறது. புரோட்டீன் ஸ்கிம்மர் என்பார்கள். ஒரு குழாய்க்குள் மிக நுண்ணிய காற்றுக்குமிழ்களைச் செலுத்துவார்கள். தண்ணீரில் கரைந்த புரதக் கழிவுகளின் மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விரும்பாது. விரும்பாத முனை குமிழின் காற்றை நாடி ஒட்டிக்கொள்ளும். குமிழ்கள் மேலே வந்து பழுப்பு நுரையாக ஒரு கோப்பையில் வழியும். கழிவும் கூடவே வெளியேறும். அழுகுவதற்கு முன்பே அழுக்கை எடுத்துவிடுகிறோம். மழைக்காலத்தில் மெரினாக் கரையில் குவியலாக நுரை ஒதுங்குவதற்கும் இதே இயற்பியல்தான் காரணம். ஊர்க்கழிவோடு வரும் சோப்புப் பொருள்கள் அலையின் குமிழ்களில் ஒட்டி அப்படி நுரைக்கின்றன. அதில் இறங்கி விளையாடாதீர்கள்.

சுறாவின் ஆறாவது புலன்

இனிச் சொல்லப் போவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1980-ஆம் ஆண்டு. சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் காட்சியகத்துக்கு ஓர் இளம் வெள்ளைச் சுறாவைக் கொண்டுவந்தார்கள். சாண்டி என்று பெயர் வைத்தார்கள். மூலையே இல்லாத வளையத் தொட்டி அது, சுற்றிக்கொண்டே இருக்கலாம். ஆனால் சாண்டி ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் தடுமாறி, சுவரில் மோதியது. அங்கே தடையாக எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. கடைசியில் அந்த இடத்தில் மிகச் சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒன்று இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். ஒரு மில்லிவோல்ட்டில் எட்டில் ஒரு பங்கு! சுவர்க் கடிகாரத்தில் போடும் பேட்டரியின் மின்னழுத்தம் இதைப்போல் 12,000 மடங்கு. மனிதர் எவருக்கும் தெரியாத அந்தத் துளி மின்சாரம் சுறாவுக்குத் தெரிந்தது. சில நாட்களிலேயே சாண்டியைக் கடலில் விட்டுவிட்டார்கள்.

சுறாவின் மூக்கைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகளாகச் சிறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் கூழ்மம் நிறைந்த ஒரு குழாயின் வாய். இத்தாலிய மருத்துவர் ஸ்டெஃபானோ லோரென்சினி 1678-இல் இவற்றை விரிவாக விவரித்தார். எதற்கென்று அப்போது யாருக்கும் புரியவில்லை. ஏறத்தாழ 300 ஆண்டுகள் கழித்து, 1971-இல், நெதர்லாந்தின் அட்ரியான் கல்மைன் ஓர் அருமையான சோதனையை வெளியிட்டார். ஒரு தட்டைமீனை மணலில் புதைத்தார். சுறா கண்டுபிடித்துவிட்டது. மோப்பம் பிடித்திருக்குமோ? மீனை அகர் ஜெல்லியால் செய்த அறைக்குள் வைத்துப் புதைத்தார். அகர் என்பது நாம் இனிப்பு செய்யும் கடல்பாசிதான். அதன் வழியே வாசனை நேராக மேலே வராது, மின்சாரம் வரும். சுறா மறுபடியும் கண்டுபிடித்தது. அகர் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி மின்சாரத்தையும் தடுத்தார். சுறா மீனைக் கவனிக்காமல் மேலேயே நீந்திப் போனது. கடைசியாக மீனே இல்லாமல் இரண்டு மின்முனைகளை மட்டும் மணலில் புதைத்து, மீனின் உடம்பில் எழும் அளவுக்குச் சிறு மின்சாரம் கொடுத்தார். சுறா மணலைக் கிளறி மின்முனைகளைக் கடித்தது! சந்தேகத்துக்கு இடமே இல்லாமல் ஒவ்வொரு கதவாக அடைத்துக்கொண்டே வந்த இந்தச் சோதனையை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

நம் தொட்டிக்கு இதனால் என்ன? இரண்டு வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் கிடந்தால் அதுவே ஒரு மின்கலம். துருப்பிடிக்கும் ஒரு திருகாணி, உறை விரிசல்விட்ட ஒரு பம்ப், எல்லாமே சுறாவுக்குத் தொல்லை. ஆகவே தண்ணீர் படும் இடத்தில் குழாய், கவ்வி, திருகு எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குத் தாமிரம் கலந்த மருந்து ஊற்றுவார்களே, அது சுறாத் தொட்டிப் பக்கமே வரக்கூடாது. தாமிரம் சுறாவுக்கு நஞ்சு.

கரண்ட் போனால்?

தொட்டியிலிருந்து வழியும் தண்ணீர் கீழே உள்ள வடிகட்டித் தொட்டிக்குப் போகிறது. பம்ப் அதை மேலே அனுப்புகிறது. கரண்ட் போனால் பம்ப் நிற்கும். அப்போது மேலே தண்ணீர் கொண்டுபோன குழாயே தலைகீழாக வேலை செய்து, தொட்டித் தண்ணீரைக் கீழே இறக்கத் தொடங்கும். டிரம்மிலிருந்து ரப்பர் குழாய் வைத்துத் தண்ணீர் இறக்கும்போது நடப்பதும் இதுதான். தடுக்க ஒரு சுலபமான வழி: குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை. மட்டம் துளைக்குக் கீழே இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அதற்குள் மட்டம் 3 சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் எவ்வளவு தண்ணீர்? 4.5 சதுர மீட்டர் பெருக்கல் 0.03 மீட்டர்: 135 லிட்டர். கீழ்த்தொட்டியில் அவ்வளவு இடம் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வீட்டுத்தரையில் கடல்.

தண்ணீரைவிடப் பெரிய கவலை காற்று. 26 டிகிரியில் ஒரு லிட்டர் கடல்நீரில் கரையும் ஆக்சிஜன் 7 மில்லிகிராம்கூடக் கிடையாது. பாக்டீரியாக்களும் அதையே சுவாசிக்கின்றன. பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பும் இன்வெர்ட்டரும் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும்.

உள்ளே பொடிமணல் பரப்புங்கள்; கூரான கற்கள் அடிவயிற்றைக் கிழிக்கும். சுறா ஒளிந்துகொள்ளப் பாறைக்குகை வேண்டும். பாறைகளை மணல்மேல் வைக்காமல் தொட்டியின் அடித்தளத்திலேயே நிறுத்தி, பிறகு சுற்றிலும் மணல் கொட்ட வேண்டும். மணல்மேல் வைத்தால், சுறா அடியில் தோண்டும்போது பாறை சரிந்து அதன் மேலேயே விழும். மேலே கனமான மூடி. இரவில் சுவரோரம் எக்கி வெளியே விழுந்த சுறாக்கள் உண்டு.

முட்டையிலிருந்து

மூங்கில் சுறா முட்டையிடும் இனம். தோல்பை போன்ற பழுப்பு முட்டையைத்தான் பலர் வாங்கி வளர்க்கிறார்கள். வெப்பத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து மாதத்தில் பொரிக்கும். வெளியே வரும் குட்டி ஒரு சாண் நீளம்கூட இருக்காது. கறுப்பும் வெளுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். வளர வளரப் பட்டை மங்கிப் பழுப்பாகிவிடும்.

முட்டைக்குள்ளிருக்கும்போதே அதற்கு மின்புலன் வேலை செய்கிறது. மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் நம்முடைய இதே பழுப்புப் பட்டைச் சுறாவின் கருக்களை ஆராய்ந்தார்கள். இரைதேடி வரும் விலங்கின் மின்சாரத்தைப் போலச் செயற்கையாக உண்டாக்கினால், கரு செவுளசைவை நிறுத்தி, வாலைச் சுருட்டிக்கொண்டு, அசையாமல் கிடந்தது. மூச்சையே அடக்கி ஒளிந்துகொள்கிறது! ஆகவே முட்டை வைத்த தொட்டியிலும் உலோகம் வேண்டாம்.

பொரித்த குட்டி முதல் சில நாட்கள் சாப்பிடாது. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சமிருக்கும். பிறகு இறால், கணவாய், மீன் துண்டுகளை நீண்ட பிளாஸ்டிக் இடுக்கியில் பிடித்துக் கொடுப்பார்கள். வெகுநாள் உறையவைத்த மீனையே தொடர்ந்து கொடுத்தால் சில வைட்டமின்கள் குறைந்துவிடும். அதனால் துண்டுக்குள் வைட்டமின் மாத்திரை செருகுவார்கள். குட்டி வளரப் பல ஆண்டுகள் ஆகும். இன்று ஏழாம் வகுப்பில் இருக்கும் நீங்கள் கல்லூரி முடித்து வேறு ஊருக்கு வேலைக்குப் போகும்போதும் அது உயிரோடு இருக்கலாம். காட்சியகங்கள் வளர்ந்த மூங்கில் சுறாக்களை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. கடலில் கொண்டுபோய் விடுவதும் சரியல்ல. தொட்டியின் நோய்களும் கூடவே போகும். நீங்கள் வேறு ஊருக்குப் போனபின் வாரம் 337 லிட்டர் தண்ணீரை யார் மாற்றுவது என்பதையும் காகிதத்தின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த வரிக்குப் பதில் இல்லாவிட்டால், நம் தொட்டி காகிதத்திலேயே இருக்கட்டும்.

வளர்ந்த பெண் சுறா தனியாக இருந்தாலும் முட்டையிடும். ஆண் இல்லாததால் அவை வெறும் முட்டைகள் என்று முன்பெல்லாம் தூக்கி எறிந்துவிடுவார்கள். 2001-இல் அமெரிக்காவின் ஓமாஹா விலங்குக் காட்சிசாலையில், பெண் சுறாக்கள் மட்டுமே இருந்த தொட்டியில் ஒரு சம்மட்டித்தலைச் சுறாக்குட்டி பிறந்தது. தந்தையின் பங்கே அதில் இல்லை என்பதை 2007-இல் டி.என்.ஏ. சோதனை உறுதி செய்தது. பிறகு மூங்கில் சுறாவின் ஓர் இனத்திலும் இது நிகழ்ந்ததாகக் கண்டார்கள். அதனால் இப்போதெல்லாம் பல காட்சியகங்களில் பெண் சுறா தனியே இட்ட முட்டையையும் சில வாரங்கள் தண்ணீரிலேயே வைத்திருந்து, பின்னால் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். தோல் வழியே வெளிச்சம் ஊடுருவும். உள்ளே மஞ்சள்கருவின் மேல் நூல் போல ஏதாவது நெளிகிறதா என்று தேட வேண்டும்.